ஏட்ரியாட்டிக் கரையில் பிள்ளைகளோடு விடுமுறை: எந்தக் கரை யாருக்கு?

கோடை விடுமுறைக்கு இத்தாலிக்கும் குரோஷியாவுக்கும் நடுவே இருக்கும் ஏட்ரியாட்டிக் கடல் என்று முடிவெடுப்பது சுலபம். வீட்டில் சண்டை ஆரம்பிப்பது அடுத்த கேள்வியில்: எந்தக் கரை? அப்பாவுக்குக் குரோஷியாவின் துப்ரோவ்னிக் கோட்டை மதில்மேல் நடந்தே ஆக வேண்டும். அம்மாவுக்குக் கூட்டமில்லாத ஒரு தீவு. பாட்டிக்கு ரசம் வைக்க ஓர் அடுப்பு. ஐந்து வயசுக்காரனுக்கு ஒரு வாளியும் அள்ளிப் போட மணலும். இத்தனையும் ஒரே ஊரில் கிடைக்காது என்பதால்தான் இந்த ஒப்பீடு.

எடுத்துக்கொண்டவை நான்கு: இத்தாலியின் ரிமினி கரை, குரோஷியாவின் வடமேற்கு முனையான இஸ்திரியா, அதே நாட்டின் தெற்குக் கரையான டால்மேஷியா, அப்புறம் மாண்டினீக்ரோ. அல்பேனியாவும் ஸ்லோவேனியாவும் இதே கடலில்தான் இருக்கின்றன. ஆனால் ஸ்லோவேனியாவின் கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவு, இஸ்திரியா போகிற வழியில் பார்த்துவிடலாம். அல்பேனியா தனிக் கட்டுரைக்குரியது.

முதலில், எதை வைத்து எடை போடுவது

காலடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. பயணப் படங்களில் வரும் கண்ணாடி மாதிரித் தண்ணீரெல்லாம் பெரும்பாலும் கிழக்குக் கரை, அதாவது குரோஷியா பக்கம். அங்கே தண்ணீர் அப்படித் தெளிந்திருப்பதற்குக் காரணமே அடியில் சுண்ணாம்புப் பாறையும் கூழாங்கல்லும் இருப்பதுதான், கலங்குவதற்கு மண் இல்லை. இந்தக் கடலின் நீரோட்டமும் அதற்கு ஒத்துழைக்கிறது. தெற்கிலிருந்து வரும் தெளிந்த நீர் குரோஷியக் கரையோரமாக வடக்கே ஏறுகிறது. பிறகு வட இத்தாலியின் 'போ' என்ற ஆறு கொண்டுவந்து கொட்டும் வண்டலோடு இத்தாலியக் கரையோரமாகத் தெற்கே இறங்குகிறது. ஆகவே மணல் வேண்டுமென்றால் கொஞ்சம் கலங்கல் தண்ணீர், தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் கல். விதிவிலக்குகள் உண்டு, அவற்றை அங்கங்கே சொல்கிறேன்.

இரண்டாவது, மாதம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் கவனிக்காமல் விடுவது இதைத்தான். நம் பள்ளி விடுமுறை ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும். ஏப்ரலில் ஏட்ரியாட்டிக் நீரின் வெப்பம் 14, 15 டிகிரி. மே மாதம் 18ஐ ஒட்டி. ஜூனில்தான் 21, 22 ஆகும். ஆகஸ்டில் 24 முதல் 26 வரை போகும். மெரினாவில் 27, 28 டிகிரிக்குப் பழகிய பிள்ளை ஜூன் மாதத் தண்ணீரிலேயே உதடு நீலமாகி வெளியே ஓடி வரும். மே மாதம் வருகிறவர்கள் இதைக் குளிக்கும் விடுமுறையாக நினைக்காமல், ஊர் பார்க்கும் விடுமுறையாகத் திட்டமிட்டால் ஏமாற்றம் இருக்காது. சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டனில் வசிக்கும் நம்மவர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். அவர்களுடைய பள்ளி விடுமுறை விழுவது ஜூலை, ஆகஸ்டில். கடல் அருமையாக இருக்கும். ஐரோப்பாவில் பாதிப்பேர் அங்கேதான் இருப்பார்கள், வாடகையும் உச்சியில் இருக்கும்.

மூன்றாவது, விசா. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கன் என்ற ஐரோப்பியப் பொது விசா வட்டத்திலும் யூரோ நாணயத்திலும் ஒரே நாளில் சேர்ந்தது. இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றுக்கும் இப்போது ஒரே விசா போதும், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மாண்டினீக்ரோ ஷெங்கனில் இல்லை. அதன் சிக்கலைப் பின்னால் பார்ப்போம்.

மிச்சமிருப்பவை போய்ச் சேரும் வழி, சாப்பாடு, விளம்பரத்தில் சொல்லாத செலவுகள். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அட்டவணை:

| | ரிமினி | இஸ்திரியா | டால்மேஷியா | மாண்டினீக்ரோ |
|---|---|---|---|---|
| காலடியில் | மணல் | பாறை, கல், சிமெண்ட் மேடை | கூழாங்கல், ஸாதர் அருகே 'நின்' என்ற ஊரில் மணல் | கலவை, உல்சின் பக்கம் மணல் |
| ஆழம் | வெகுதூரம் ஆழமில்லை | இடத்துக்கு இடம் மாறும் | சட்டென்று ஆழம் | இடத்துக்கு இடம் மாறும் |
| கார் | தேவையில்லை | அவசியம் | பெரும்பாலும் தேவை | தேவை |
| பொருத்தமான வயது | 1–7 | 5–12 | 10க்கு மேல் | 8க்கு மேல் |
| ஷெங்கன் | ஆம் | ஆம் | ஆம் | இல்லை |
| கவனிக்காமல் விடும் செலவு | குடை வாடகை | சாலைக் கட்டணம், முகாமின் கூடுதல் கட்டணங்கள் | படகு, நுழைவுச்சீட்டுகள் | எல்லைக் காத்திருப்பு, அலைபேசி இணையம் |

ரிமினி: படத்தில் எடுபடாத கரை

நான்கில் மிகக் குறைவாக ஆசைப்படவைப்பது இதுதான். சுமார் 15 கிலோமீட்டருக்கு நேர்கோடாக மணல், அதன்மேல் வரிசை வரிசையாக நிழற்குடைகள், பின்னால் ஐந்தாறு மாடி ஹோட்டல்கள். பார்த்தவுடன் "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்" என்று யாராவது கேட்பார்கள். ஆனால் ஏழு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் என் முதல் சிபாரிசு இதுவே.

கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் பாறைகளைப் போட்டு அலைத் தடுப்பு கட்டியிருப்பதால், கரைக்கும் தடுப்புக்கும் நடுவே தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும். பெரியவர் நடந்துகொண்டே போனாலும் இடுப்பளவைத் தாண்ட நேரமாகும். இங்கே முதல் கடற்குளியல் நிலையம் திறந்தது 1843இல். அன்றிலிருந்து இந்த ஊருக்குத் தொழிலே குடும்பங்களைக் கடற்கரையில் உட்காரவைப்பதுதான். கரை முழுக்க "பாஞ்ஞோ" எனப்படும் நிலையங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். குடை, சாய்வு நாற்காலி, நன்னீர்க் குழாய், கழிப்பறை, ஊஞ்சல், சறுக்கு எல்லாம் அதற்குள்ளேயே அடங்கும். முதல் நாளே பிள்ளைக்கு அந்த எண்ணை மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள். எல்லாக் குடையும் ஒன்றுபோலத் தெரியும் கரையில், தவறிப்போன பிள்ளை சொல்லவேண்டியது அந்த எண் ஒன்றைத்தான்.

இன்னொரு வசதி, கார் வேண்டாம். சென்னையிலிருந்து துபாய் வழியாக போலோஞ்ஞாவுக்கு ஒரே மாற்றத்தில் வந்துவிடலாம், அங்கிருந்து ரயிலில் ரிமினி ஏறக்குறைய ஒரு மணி நேரம். சூரிக்கிலிருந்து சாலைவழி 600 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ஹோட்டல்கள் பலவும் ஒரே குடும்பம் நடத்துபவை, மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்துத் தருவார்கள், சிறு பிள்ளைகளுக்குத் தள்ளுபடி கொடுப்பார்கள். அறை சிறிதாக, கொஞ்சம் பழையதாக இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்வது நல்லது.

மழை வந்தாலோ மணல் சலித்தாலோ ஊருக்குள் கி.பி. 21இல் கட்டி முடித்த திபேரியஸ் பாலம் இருக்கிறது, இப்போதும் அதன்மேல் நடக்கலாம். இத்தாலி முழுவதையும் சின்னச் சின்ன மாதிரிகளாக்கி வைத்திருக்கும் "இத்தாலியா இன் மினியத்தூரா" பூங்காவில் பிள்ளைகளோடு அரை நாள் போகும். மலைமேல் இருக்கும் சான் மரினோ நாடு 25 கிலோமீட்டருக்குள்தான். பிள்ளைக்கு இன்னொரு நாடு பார்த்த பெருமை. ராவென்னாவின் மொசைக் ஓவியங்கள் ரயிலில் சுமார் ஒரு மணி நேரத் தொலைவில்.

இனி செலவு. குடையும் இரண்டு நாற்காலியும் கோடையில் ஒரு நாளைக்கு 20 யூரோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அபூர்வம், முன்வரிசைக்கு இன்னும் கூடும். வாரக் கணக்கில் எடுத்தால் குறையும், சில ஹோட்டல்கள் வாடகையிலேயே சேர்த்துவிடும், கேட்டு வாங்குங்கள். இலவசக் கரை என்று சில துண்டுகள் உண்டு, காலையிலேயே நிறைந்துவிடும். உணவகத்தில் தலைக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் போடுவார்கள், அது ஏமாற்று வேலை இல்லை, நாட்டு வழக்கம். காரில் வருகிறவர்கள் பழைய நகரப் பகுதிகளின் வாகனத் தடை எல்லைக்குள் நுழைந்துவிட்டால் கேமரா படம் பிடிக்கும், அபராதக் கடிதம் சில மாதம் கழித்து வீடு தேடி வரும். ஆகஸ்டு 15ஐ ஒட்டிய இரண்டு வாரமும் இத்தாலி முழுக்க விடுமுறை, அந்த நாட்களைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஒரு கண். இந்தப் பக்கத்தின் பியதீனா, நம் சப்பாத்திக்குச் சொந்தக்காரன் மாதிரி, உள்ளே பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துத் தருவார்கள். பார்க்கச் சைவம். ஆனால் பழைய முறையில் அந்த மாவைப் பிசைவதே பன்றிக் கொழுப்பில்தான், அதற்கு "ஸ்த்ருத்தோ" என்று பெயர். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் பல கடைகளில் உண்டு, கேட்டால் தருவார்கள். சைவர்களும் முஸ்லிம் குடும்பங்களும் இந்த ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பிடிக்காத விஷயம், தண்ணீர். கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்க்கும் கடல் இது இல்லை. சில கோடைகளில் பாசிக்கழிவு கோழைபோல மிதந்து வரும். 1989இல் அது பெரிதாக வந்து சுற்றுலாவையே ஆட்டிவைத்தது. உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் பார்க்க அருவருப்பாக இருக்கும்.

இஸ்திரியா: காரில் வருகிறவர்களின் ராஜ்ஜியம்

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது கிட்டத்தட்டப் பக்கத்து வீடு. மியூனிக்கிலிருந்து போரெச் ஏறக்குறைய 550 கிலோமீட்டர், சூரிக்கிலிருந்து 800 போல. இங்கே பிரபலமானது முகாம் வாழ்க்கை. கூடாரம் அடிக்கவேண்டும் என்று பயப்பட வேண்டாம். இரண்டு படுக்கையறை, குளியலறை, சமையலறை, முன்னால் திண்ணை என்று நிரந்தரமாக நிறுத்திய சின்ன வீடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு. கூடவே நீச்சல்குளங்கள், சறுக்குகள், பிள்ளைகளுக்கான மாலை நேர ஆட்டம் பாட்டம், சைக்கிள் பாதை. எட்டு வயசுப் பிள்ளை காலையில் சைக்கிளில் கிளம்பினால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்பி வரும். இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து வருகிறவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு இந்தக் கரையில் இல்லை. அடுத்தடுத்த வீடு எடுத்துக்கொண்டு, ஒரு நாள் ஒரு வீட்டில் சமையல் என்று ஓட்டலாம். மசாலாப் பொடியும் சின்ன குக்கரும் காரில் ஏறிவிட்டால் சாப்பாட்டுப் பிரச்சினையே முடிந்தது.

கடல் அருமையாகத் தெளிந்திருக்கும், இறங்குவதுதான் பாடு. பாறை, கூழாங்கல், சில இடத்தில் பாறைமேல் போட்ட சிமெண்ட் மேடையும் இரும்பு ஏணியும். பாறையிடுக்கில் கடல் முள்ளெலிகள் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும். மிதித்தால் முள் உள்ளே உடைந்துவிடும், இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும், அன்றைய நாள் அத்தோடு போச்சு. ஆளுக்கொரு ஜோடி ரப்பர் நீர்ச்செருப்பு கட்டாயம், பிள்ளையின் அளவு கடையில் தீர்ந்துபோகும் என்பதால் ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள். மணல்தான் வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் தெற்கு முனையில் மெதுலின் ஊரில் ஒரு மணற்கரை இருக்கிறது.

சுற்றிப் பார்க்க இந்தப் பகுதியில் உள்ளதுபோல மற்ற மூன்றிலும் இவ்வளவு நெருக்கமாக இல்லை. பூலாவின் ரோமானிய அரங்கம் முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது, வெளிச்சுவர் முழுசாக நிற்கிறது. போரெச்சில் ஆறாம் நூற்றாண்டு எவுஃப்ராசியஸ் பேராலயம். எல்லை தாண்டி ஸ்லோவேனியாவில் போஸ்தோய்னா குகைக்குள் சின்ன ரயிலில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார்கள், உள்ளே கோடையிலும் 10 டிகிரிதான், ஸ்வெட்டர் மறக்காதீர்கள். நம்மவர்கள் தவறவிடக்கூடாதது பிரியூனித் தீவுகள். ஃபஜானாவிலிருந்து படகில் கால் மணி நேரம். டைனோசர் காலடித் தடங்கள், விலங்குப் பூங்கா என்று பிள்ளைகளுக்குப் போதுமானது இருக்கிறது. பெரியவர்களுக்கு வேறு காரணம் உண்டு: 1956 ஜூலையில் நேரு, எகிப்தின் நாசர், யூகோஸ்லாவியாவின் டிட்டோ மூவரும் கூடிப் பேசிய இடம் இது, அணிசேரா இயக்கத்தின் வரலாறு இந்தத் தீவைச் சொல்லாமல் நகராது. டிட்டோவின் விலங்குகளில் இந்திரா காந்தி அன்பளிப்பாக அனுப்பிய யானைகளும் இருந்தன. அரசியலில் ஆர்வமில்லாத பிள்ளைகூட யானைக் கதைக்குக் காது கொடுக்கும்.

காசு கரையும் இடங்கள்: ஆஸ்திரியாவுக்கும் ஸ்லோவேனியாவுக்கும் தனித்தனி நெடுஞ்சாலைக் கட்டண வில்லை, சுரங்கப்பாதைகளுக்கு மேற்கொண்டு கட்டணம், குரோஷியாவுக்குள் வேறு கட்டணம். முகாமில் பதிவுக் கட்டணம், தலைக்கு வரி, சில இடத்தில் படுக்கை விரிப்புக்கும் காசு. முன்பதிவுப் பக்கத்தில் முதலில் காட்டும் தொகையைக் கடைசித் தொகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகாமுக்குள் இருக்கும் கடையில் பால், ரொட்டி விலை ஊரைவிட அதிகம். பெரும்பாலான வாடகைகள் சனி முதல் சனி வரை என்பதால் ஜூலை, ஆகஸ்டுச் சனிக்கிழமைகளில் ஸ்லோவேனிய எல்லைப் பக்கம் வண்டிகள் நகராது. வெள்ளி இரவே கிளம்பலாம், அல்லது வாரநாளில் தொடங்கும் வீடாகத் தேடலாம்.

டால்மேஷியா: ஆசைப்பட்ட இடம், யோசிக்கவேண்டிய இடம்

குரோஷியா என்றவுடன் மனசில் வரும் எல்லாமே இங்கேதான்: ஸ்பிளிட், பிராச், ஹ்வார், துப்ரோவ்னிக். அழகில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பிள்ளைகளோடு போவது சிரமமா என்றால், பிள்ளையின் வயதைப் பொறுத்தது.

மகார்ஸ்கா கரையை எடுத்துக்கொள்வோம். பின்னால் 1,762 மீட்டர் உயரப் பியோகோவோ மலை செங்குத்தாக எழுந்து நிற்கிறது, பைன் மர நிழல் தண்ணீர் வரைக்கும் வருகிறது, வெள்ளைக் கூழாங்கல்லில் பச்சைத் தண்ணீர். ஆனால் மலை எந்தச் சரிவில் இறங்குகிறதோ அதே சரிவில்தான் கடலுக்குள்ளும் போகிறது. நாலைந்து எட்டு வைத்தால் பிள்ளைக்கு நிலைகொள்ளாது. நீச்சல் தெரிந்த பன்னிரண்டு வயசுக்குச் சொர்க்கம். மூன்று வயசு இருந்தால் பெற்றோரில் ஒருவர் நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும், அது விடுமுறை இல்லை. பிராச் தீவில் போல் ஊரின் ஸ்லாத்னி ராட் முனை படங்களில் மணல்போலத் தெரியும், கிட்டே போனால் அதுவும் பொடிக் கூழாங்கல்தான். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப அதன் நுனி திசை மாறும். பிற்பகலில் காற்று எழும்பும், பாய்ப்பலகை (விண்ட்சர்ஃபிங்) விளையாட்டுக் கற்க ஏற்ற இடம்.

சின்னப் பிள்ளையோடு டால்மேஷியாதான் என்று உறுதியாக இருப்பவர்கள் ஸாதருக்குப் பக்கத்தில் நின் ஊரைப் பார்க்கலாம். மணல் இருக்கிறது, நெடுந்தூரம் முழங்கால் அளவே தண்ணீர், ஒருபுறம் சேற்றுக்குளியல். பெரியவர்கள் மூட்டுவலிக்கு என்று கறுப்புச் சேறு பூசிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் பிள்ளைகளும் கேட்காமலே பூசிக்கொள்வார்கள். ஸாதருக்குள் 2005இல் அமைத்த கடல் ஆர்கன் இருக்கிறது. படிக்கட்டுக்குக் கீழே குழாய்கள், அலை அடிக்க அடிக்க அதுவே ஊதுகிறது. காசு கேட்காத வேடிக்கை, மாலையில் போங்கள்.

ஸ்பிளிட் எனக்குப் பிடித்த நகரம். ரோமானியப் பேரரசர் டயோக்ளீஷியன் ஓய்வுக்காகக் கட்டிக்கொண்ட அரண்மனையைக் காலி செய்யாமல் அதற்குள்ளேயே ஊர் வளர்ந்திருக்கிறது. ஆயிரத்து எழுநூறு வருஷத்துத் தூணுக்குப் பக்கத்தில் துணி காய்கிறது, கீழே ஐஸ்கிரீம் கடை. பிள்ளைகளுக்கு அருங்காட்சியகம் என்ற உணர்வே வராது. துப்ரோவ்னிக் வேறு மாதிரி. ஏறக்குறைய 1,940 மீட்டர் மதிலைச் சுற்றி நடப்பது மறக்க முடியாத அனுபவம்தான். ஆனால் நிழல் கிடையாது, படிகள் ஏராளம், தள்ளுவண்டி ஏறாது, பெரியவருக்கு நுழைவுச்சீட்டு 35 யூரோவைத் தாண்டும். ஜூலையில் காலை எட்டு மணிக்கு மதில் ஏறினால் சரி, பத்து மணிக்கு என்றால் பயணக் கப்பல் கூட்டமும் வெயிலும் சேர்ந்துகொள்ளும். பழைய நகரத்துக்குள் தங்கினால் பெட்டிகளைப் படியேற்றித் தூக்கவேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கிர்கா அருவியில் குளிக்கும் படங்கள் இன்னும் சுற்றுகின்றன. ஸ்கிராதின்ஸ்கி பூக் அருவியில் குளிப்பதை 2021இலிருந்து தடைசெய்துவிட்டார்கள். பிளித்விட்சே ஏரிகளிலும் இறங்க முடியாது. குற்றாலம் மாதிரி நினைத்துக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசலில் அழுகையைத் தவிர்க்கலாம். பிளித்விட்சேக்கு நுழையும் நேரத்தோடு சீட்டை முன்பே வாங்கவேண்டும், கோடையில் பெரியவருக்கு 40 யூரோவை ஒட்டிய விலை.

செலவு இங்கே சின்னச் சின்னதாகச் சேரும். ஸ்பிளிட்டிலிருந்து பிராச்சின் சூப்பெதாருக்குக் கார் படகு 50 நிமிஷம், நாலு பேரும் காருமாக இரு வழிக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பல வழித்தடங்களில் சீட்டு வாங்கியதாலேயே அந்தப் படகில் இடம் உறுதியாகாது, வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்குத்தான் இடம். ஆகஸ்டில் ஒரு படகைத் தவறவிட்டு அடுத்ததற்கு வெயிலில் நிற்க நேரிடும். தீவிலிருந்து விமான நாளன்று காலையில் கிளம்பித் திரும்பும் திட்டம் எனக்கு உடன்பாடில்லை, கடைசி இரவைத் தீவுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். துப்ரோவ்னிக் போக முன்பு நடுவில் போஸ்னியா எல்லையைக் கடக்கவேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தபின் அது வேண்டாம். ஒருமுறை நுழைவு விசாவில் வருகிறவர்களுக்கு அது பெரிய நிம்மதி. வழிகாட்டிக் கருவி பழைய வழியைக் காட்டினால் பாலத்தையே பிடியுங்கள்.

உணவகத்தில் மீனும் இறைச்சியும்தான் பிரதானம். சைவர்களுக்குப் பிளித்வா கைகொடுக்கும், கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் சேர்த்தது. மீனுக்குத் துணையாக வருவது, தனியாகவும் கேட்டு வாங்கலாம். பேக்கரிகளில் பாலாடைக்கட்டி வைத்த பூரெக் காலைச் சிற்றுண்டிக்கு நல்லது. யூரோ வந்தபிறகு விலை ஏறிவிட்டது என்று உள்ளூர்க்காரர்களே புலம்புகிறார்கள், சமையலறையுள்ள வீடு எடுப்பதே புத்திசாலித்தனம்.

மாண்டினீக்ரோ: சின்ன நாடு, பெரிய எல்லை

கோட்டோர் விரிகுடாவுக்காகவே இங்கே வரலாம். மலைகளுக்கு நடுவே கடல் வளைந்து உள்ளே வந்து ஏரிபோல நிற்கிறது. பெராஸ்ட் ஊருக்கு எதிரே கல்லையும் பழைய கப்பல்களையும் கொட்டி மனிதர்களே உண்டாக்கிய தீவில் ஒரு மாதா கோயில், படகில் சில நிமிஷம். கோட்டோர் கோட்டைக்கு 1,350 படி, எட்டு வயதுக்கு மேல் என்றால் காலையில் ஏறிவிடுவார்கள். விரிகுடாவுக்குள் குளிக்கும் இடங்கள் ஒடுக்கமானவை, பல இடத்தில் ரோட்டை ஒட்டியே. தெற்கே உல்சின் பக்கம் போனால் 12 கிலோமீட்டருக்கு ஆழமில்லாத மணற்கரை. அந்த ஊரில் அல்பேனிய முஸ்லிம்கள் பெரும்பான்மை என்பதால் ஹலால் உணவு தேடி அலைய வேண்டாம்.

சிக்கல் எல்லையில். யூரோ செல்லும், ஆனால் ஐரோப்பிய ஒன்றியம் இல்லை, ஷெங்கன் இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் இந்தியர்கள் 30 நாள் வரை தங்கலாம். கிளம்பும் முன் விதி மாறியிருக்கிறதா என்று தூதரகத்திடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். கவனிக்கவேண்டியது வேறு. துப்ரோவ்னிக்கிலிருந்து ஒரு நாள் கோட்டோர் பார்த்துவிட்டுத் திரும்ப நினைத்தால், உங்கள் ஷெங்கன் விசா பலமுறை நுழைவுக்கு உரியதாக இருக்கவேண்டும். ஒருமுறை விசா என்றால் எல்லையைத் தாண்டியவுடன் அது முடிந்துபோனது, பெட்டி குரோஷியாவில் இருக்கும், நீங்கள் திரும்ப முடியாது. பாஸ்போர்ட் பிரச்சினை இல்லாதவர்களும் கோடையில் அந்த எல்லையில் மணிக்கணக்கில் காரில் உட்காரத் தயாராக வேண்டும். வாடகைக் காரை எல்லை தாண்ட அனுமதிக்கக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய அலைபேசித் திட்டங்கள் இங்கே செல்லாமல் போகலாம், பின்னிருக்கையில் பிள்ளை பார்க்கும் ஒரு படம் பில்லில் வந்து நிற்கும்.

உங்கள் வீட்டுக்கு எது

கைக்குழந்தையோ பள்ளி சேராத பிள்ளையோ இருந்தால், அல்லது தாத்தா பாட்டி கூட வந்தால், ரிமினி. அழகு குறைவு என்று மனசு கேட்காவிட்டால் டால்மேஷியாவின் நின் ஊர்.

ஐந்து முதல் பன்னிரண்டு வயது, சொந்தக் கார், கூட இன்னொரு குடும்பம் என்றால் இஸ்திரியாவைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. ஸ்பிளிட் வரை ஓட்டலாமே என்று தோன்றும். மியூனிக்கிலிருந்து அது 900 கிலோமீட்டர் ஆகிவிடுகிறது, ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் இரண்டு முழு நாள் சாலையிலேயே போகும். இரண்டு வாரம் இருந்தால் பேச்சு வேறு.

நீச்சல் தெரிந்த, அறைக்குள்ளேயே முடங்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு டால்மேஷியா. ஓமிஷ் ஊரில் செட்டினா ஆற்றில் ரப்பர்ப் படகு, பிராச்சில் பாய்ப்பலகை என்று ஏதாவது ஒன்றில் தானாகவே மாட்டிக்கொள்வார்கள்.

சென்னை, மதுரையிலிருந்து மே மாதம் வருகிறவர்களுக்கு என் யோசனை, ஸ்பிளிட்டில் ஐந்து நாள், துப்ரோவ்னிக்கில் மூன்று நாள். கடல் குளிராகத்தான் இருக்கும். ஆனால் மதில்மேல் வெயில் சுடாது, பிளித்விட்சே அருவிகளில் தண்ணீர் நிறைய விழும், வாடகை ஆகஸ்டு விலையில் பாதிக்குக்கூடக் கிடைக்கலாம். தீவுகளுக்குக் கோடை நேர அட்டவணை தொடங்கியிருக்காது, படகுகள் குறைவு, அதனால் தீவில் தங்கவேண்டாம். பலமுறை நுழைவு விசா கையில் இருந்தால் மட்டும் கோட்டோரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று வயசும் பதினான்கு வயசும் சேர்ந்தே இருந்தால்? இத்தாலியத் துறைமுகமான அங்கோனாவிலிருந்து ஸ்பிளிட்டுக்கு இரவுக் கப்பல் போகிறது. ரிமினியில் ஒரு வாரம் மணல், அங்கோனா வரை தெற்கே ஒரு மணி நேரச் சொச்சம், இரவு கப்பல், காலையில் ஸ்பிளிட். ஒரு நாள் காரோட்டம் மிச்சம், பிள்ளைகளுக்குக் கப்பலில் தூங்கிய கதையும் ஆயிற்று. நான்கு படுக்கை அறைகள் முதலில் தீர்ந்துபோகும், காரோடு போகிறவர்கள் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். கப்பல் புறப்பட்டபின் கார் அடுக்குக்கு இறங்க விடமாட்டார்கள், இரவுக்குத் தேவையான உடையும் பால்பவுடரும் வாந்தி மாத்திரையும் தனிப் பையில் மேலே வரட்டும்.